இளநிலைப் படிப்பில் ஆராய்ச்சி: மேற்படிப்புக்கு உதவுமா?

(நமது சங்கத்தின் புனே கிளை நடத்திய மாணவர் பாராட்டு விழாவில், ஓய்வு பெற்ற பொறியியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று பலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அவரே எழுதிக் கொடுத்தது.)



பரிசளிப்பு முடிந்து, டிபன் தயாராகிக்கொண்டிருக்கும் நேரத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். கேசரி வாசனை மேடை வரைக்கும் வருகிறது. இந்தச் சமயத்தில் நீட்டி முழக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருஷம் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய வகுப்பு எடுத்தவன் நான்.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பொறியியலில் மேற்படிப்பு’. அது ஒரு சமுத்திரம். அதில் ஒரு சொம்பு ஜலம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு மாமி என்னைக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டார்: “பையன் தேர்ட் இயர் முடிக்கப் போறான். லீவுலே யாரோ ப்ரொஃபசர்கிட்டே போய் ரிசர்ச் பண்ணப் போறேங்கறான். சம்பளமும் கிடையாது, மார்க்கும் கிடையாது. மேலே படிக்கறதுக்கு அதனாலே ஏதாவது பிரயோஜனம் உண்டா? இல்லே, அந்த ரெண்டு மாசம் கோச்சிங் கிளாஸ் போகட்டுமா?”

ரொம்ப நியாயமான கேள்வி. அங்கே செருப்பைத் தேடிக்கொண்டே நான் சொன்ன பதில் சரியாக இல்லை. இன்று ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

இந்த விஷயத்தில் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கல்லூரியில் இயந்திரவியல் கற்றுக்கொடுத்தேன் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய தகுதி, இதே கேள்விக்கு என் சொந்த வீட்டில் தப்பான பதில் சொல்லியிருக்கிறேன்.

என் பெண் 2007-ல் பி.இ. சேர்ந்தாள். நான் வேலை பார்த்த கல்லூரியில் இல்லை, வேறு கல்லூரியில். நன்றாகப் படிப்பாள். அமெரிக்காவில் பி.எச்.டி. செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. மூன்றாம் வருஷம் படிக்கும்போது, நம் நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு என்னிடம் சொல்லாமலே விண்ணப்பித்திருந்தாள். 2010 மார்ச்சில் கடிதம் வந்தது. பெங்களூரில் இரண்டு மாதம், ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. உதவித்தொகையும் உண்டு.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அம்மாவிடம் காட்டிவிட்டு என்னிடம் வந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னேன்: “சந்தோஷம்மா. ஆனா ஜி.ஆர்.இ. கிளாஸுக்குப் பணம் கட்டியாச்சு. ரெண்டு மாசம் அங்கே போய் டெஸ்ட் ட்யூப் கழுவிட்டு வந்தா யாரும் அட்மிஷன் கொடுக்க மாட்டா. மார்க்கும் ஸ்கோரும்தான் பேசும்.”

அவள் வாதம் செய்யவில்லை. போகவும் இல்லை.

ஜி.ஆர்.இ.யில் அப்போதைய 1600-க்கு 1450 வாங்கினாள். மார்க்கும் முதல் வகுப்பில் உச்சம். அந்த வருஷ டிசம்பரில் ஏழு பல்கலைக்கழகங்களுக்கு பி.எச்.டி.க்கு விண்ணப்பம் போனது. 2011 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஏழு பதில்கள் வந்தன. ஏழும் ஒரே மாதிரி: ‘இந்த ஆண்டு தகுதியுள்ள விண்ணப்பங்கள் மிக அதிகம், வருந்துகிறோம்.’ ஏழாவது வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்கவில்லை. ஓர் ஆய்வுக்கூடத்தில் பிராஜெக்ட் அசிஸ்டென்டாகச் சேர்ந்தாள். அவள் வகுப்புத் தோழிகள் மென்பொருள் நிறுவனங்களில் வாங்கியதில் பாதிச் சம்பளம்கூட இல்லை. இரண்டு வருஷம் அங்கே வேலை செய்துவிட்டு, 2012 டிசம்பரில் மறுபடி விண்ணப்பித்தாள். மார்க் அதே மார்க். ஜி.ஆர்.இ. அதே ஸ்கோர். இந்த முறை ஐந்தில் இரண்டு இடங்களில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

இரண்டு விண்ணப்பங்களுக்கும் நடுவில் மாறியது ஒன்றுதான். இரண்டு வருஷம் அவள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர், அவளைப் பற்றிக் கடிதம் எழுதியிருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம்

என் பெண் பி.எச்.டி. முடித்து, இப்போது அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருக்கிறாள். சேர்க்கைக் குழுவிலும் உட்காருகிறாள். ஒரு நாள் போனில் கேட்டேன்: “அவ்வளவு விண்ணப்பம் வர்றதே, நீங்க எதைப் பார்த்துப் பொறுக்கறேள்?”

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “அப்பா, மார்க்கை முதல்லே பார்ப்போம். அது வாசல் கதவு மாதிரி. ரொம்பக் குறைச்சலா இருந்தா உள்ளே வர முடியாது. ஆனா உள்ளே வந்தவா எல்லாருமே நல்ல மார்க்தானே? அப்புறம் லெட்டரைத்தான் படிப்போம். நீங்க எழுதற மாதிரி லெட்டர்தான் எனக்கு வர்றதுலே பாதி.”

‘நீங்க எழுதற மாதிரி’ என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ‘இந்த மாணவரை எனக்கு மூன்று வருடங்களாகத் தெரியும். இவர் கடின உழைப்பாளி, நேர்மையானவர், ஒழுக்கமானவர். வகுப்பில் முதல் ஐந்து சதவீதத்தில் உள்ளவர். இவரைப் பலமாகச் சிபாரிசு செய்கிறேன்.’ முப்பத்து மூன்று வருஷமும் இதைத்தான் எழுதினேன். உண்மையைச் சொன்னால், பல சமயம் நான் எழுதக்கூட இல்லை. மாணவனே எழுதிக்கொண்டு வருவான், நான் கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரை குத்திக் கொடுப்பேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். ஆனால் அந்தக் கடிதத்தில் பெயரை மாற்றினால் வேறு எந்தப் பையனுக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தும் கடிதம் யாருக்கும் உதவாது என்பது எனக்கு வெகு காலம் புரியவில்லை.

அவர்கள் ஏன் கடிதத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள்? அமெரிக்காவில் பொறியியல் பி.எச்.டி. மாணவனுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமோ, பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியோதான் கட்டணத்தையும் மாதச் செலவையும் ஏற்றுக்கொள்கிறது. சுமார் ஐந்து வருஷம். கிட்டத்தட்ட ஒரு வேலைக்கு ஆள் எடுப்பது போலத்தான். பரீட்சையில் வரும் கணக்குக்கு விடை உண்டு என்று மாணவனுக்கு முன்னாலேயே தெரியும். ஆராய்ச்சியில் விடை உண்டா என்பதே தெரியாது. ஆறு மாதம் எதுவும் சரியாக வராவிட்டால் இந்தப் பையன் என்ன செய்வான்? விட்டுவிட்டு ஓடுவானா, வராத ரீடிங்கை வந்ததாக எழுதுவானா, அல்லது பொறுமையாகக் காரணம் தேடுவானா? இதை மார்க் ஷீட் சொல்லாது. பக்கத்திலிருந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே அந்த மாமிக்கு என் முதல் பதில்: உதவும். ஆனால் உதவுவது சான்றிதழ் அல்ல. உங்கள் பிள்ளை வேலை செய்ததைப் பார்த்த ஒரு மனிதர் கிடைக்கிறார். உதவுவது அவர்தான்.

எந்தப் படிப்புக்கு எவ்வளவு உதவும்?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘மேற்படிப்பு’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அதற்குள் நாலைந்து வேறு வேறு வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, நம் நாட்டில் ஐ.ஐ.டி.யிலோ இந்திய அறிவியல் கழகத்திலோ பாடம் படித்து முடிக்கும் எம்.டெக். இதற்கு முக்கியம் ‘கேட்’ தேர்வின் மதிப்பெண். நீங்கள் எந்த ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தீர்கள் என்பதற்கு இங்கே பெரிய எடை கிடையாது. இதுதான் லட்சியம் என்றால், கோடை விடுமுறையில் கேட் தேர்வுக்குப் படிப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, அதே நிறுவனங்களில் ஆராய்ச்சி வழியாகப் படிக்கும் எம்.எஸ்., எம்.டெக். ஆராய்ச்சிப் பிரிவு, பி.எச்.டி. போன்றவை. கேட் மதிப்பெண்ணோ, பி.டெக். தரப் புள்ளியோ உங்களை நேர்முகத் தேர்வு வரை கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு மூன்று நான்கு பேராசிரியர்கள் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அங்கே நீங்கள் கையால் செய்த வேலை பேசும்.

மூன்றாவது, அமெரிக்காவில் சொந்தச் செலவில் படிக்கும் எம்.எஸ். இதற்கு மார்க்கும், படித்த பாடங்களும், எதற்காகப் படிக்க வருகிறோம் என்று எழுதும் கட்டுரையும் முக்கியம். ஆராய்ச்சி செய்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கதவு மூடாது. ஆனால் அங்கே போய் ஆய்வேடு எழுதவோ, ஒரு பேராசிரியரிடம் உதவியாளர் வேலை கேட்கவோ நினைத்தால், முன் அனுபவம் உள்ள மாணவனுக்குத்தான் முன்னுரிமை.

நான்காவது, ஜெர்மனியில் எம்.எஸ்சி. அங்கே முதலில் பார்ப்பது, நீங்கள் இளநிலையில் படித்த பாடங்கள் அவர்கள் படிப்புக்குப் பொருந்துகின்றனவா என்பதும், உங்கள் மதிப்பெண்ணும். இதிலும் ஆராய்ச்சி துணை நிற்குமே தவிர, தூண் அல்ல.

ஐந்தாவது, அமெரிக்காவில் நேரடியாக பி.எச்.டி. இதற்கு ஆராய்ச்சி அனுபவம் ஏறக்குறைய அவசியம். அங்கே உள்ள மாணவர்கள் இதை வெகு நாளாகச் செய்துவருகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இளநிலை மாணவர்கள் பேராசிரியர்களோடு ஆராய்ச்சி செய்யும் திட்டம் 1969-லேயே ஆரம்பித்துவிட்டது. கால்டெக்கில் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் 1979-ல் தொடங்கியது. அந்த மாணவர்களின் விண்ணப்பங்களோடுதான் நம் குழந்தைகளின் விண்ணப்பமும் ஒரே மேஜையில் இருக்கிறது.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2020-க்குப் பிறகு அமெரிக்காவில் பல பொறியியல் துறைகள் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைக் கேட்பதையே விட்டுவிட்டன. என் பெண்ணுக்கு எதை நம்பி நான் பெங்களூரை மறுத்தேனோ, அதை இன்று பல இடங்களில் பார்ப்பதே இல்லை. ஒரு அளவுகோல் போனால் மற்றவற்றின் எடை கூடும். கடிதத்தின் எடை கூடியிருக்கிறது.

ஆராய்ச்சி என்றால் பெரிய கண்டுபிடிப்பா?

குழந்தைகள் பயப்படும் இடம் இது. “நான் என்ன புதுசா கண்டுபிடிக்கப் போறேன் மாமா?” என்று கேட்கிறார்கள். யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

2013-ல் என் பெண் கிளம்பிப் போன பிறகு, எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் என் ஆய்வுக்கூடத்தைத் திறந்து, மூன்றாம் வருஷ மாணவர்கள் நாலு பேரை வரச் சொன்னேன். அதில் ஒரு பையன், சதாரா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். பத்துக்கு 7.9 தரப் புள்ளி. வகுப்பில் நடு வரிசை.

வெப்பப் பரிமாற்றக் கருவி ஒன்றில் தெர்மோகப்பிள் வைத்து உஷ்ணம் அளக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். காலையில் ரீடிங் ஒழுங்காக வரும். மதியம் மூன்று மணிக்கு மேல் இரண்டு டிகிரி தள்ளிப்போகும். கம்பியை மாற்றிப் பார்த்தான். மீட்டரை மாற்றிப் பார்த்தான். மூன்று வாரம் ஆயிற்று. நானே, “பரவாயில்லைப்பா, காலையிலே மட்டும் ரீடிங் எடு” என்றேன். அவன் கேட்கவில்லை. ஒரு நாள் மதியம் முழுக்கக் கருவியைத் தொடாமல் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். சாயங்காலம் வந்து சொன்னான்: கம்பிகள் வந்து சேரும் இணைப்புப் பெட்டி மேற்கு ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது, மூன்று மணிக்கு அதன் மேல் வெயில் விழுகிறது. தெர்மோகப்பிள் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள உஷ்ண வித்தியாசத்தைத்தான் காட்டும். குளிர்ந்த முனை வெயிலில் சூடானால் கணக்கு தப்பாகத்தானே வரும்! பெட்டியை நகர்த்தி வைத்து, ஒரு வாரம் ரீடிங் எடுத்து நிரூபித்தான்.

இது கண்டுபிடிப்பு இல்லை. பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். நானே எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் எனக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியது. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றரைப் பக்கத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினேன். ‘கடின உழைப்பாளி’ என்ற வார்த்தையே அதில் கிடையாது. ஜன்னல், வெயில், மூன்று மணி, நான் விட்டுவிடச் சொல்லியும் அவன் விடாதது, இவ்வளவுதான். அவனுக்கு ஓர் ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி எம்.எஸ். இடம் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் பாதி நேரம் அந்த இணைப்புப் பெட்டியைப் பற்றியே கேட்டார்களாம்.

அந்தக் கோடையில் வந்த மற்ற மூவரில் ஒருவன் இரண்டாவது வாரமே, “சார், எனக்கு இது ஒத்து வராது” என்று சொல்லிவிட்டான். அவனுக்கும் அது லாபமே. ஐந்து வருஷப் படிப்பில் மாட்டிக்கொண்ட பிறகு தெரிவதைவிட, இரண்டு வாரத்தில் தெரிவது எவ்வளவோ மேல். அவன் இப்போது ஒரு தொழிற்சாலையில் நன்றாக இருக்கிறான்.

எங்கே போய்ச் செய்வது?

முதலில் உங்கள் கல்லூரியிலேயே தேடுங்கள். ஆய்வில் அக்கறை உள்ள ஆசிரியர் ஒருவராவது எந்தக் கல்லூரியிலும் இருப்பார்.

வெளியே போவதென்றால், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, டில்லியில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால உதவித்தொகையைச் சொன்னேன். ஐ.ஐ.டி.கள் பலவும் வெளிக் கல்லூரி மாணவர்களைக் கோடையில் எடுத்துக்கொள்கின்றன. சென்னை, கான்பூர், காந்திநகர் ஐ.ஐ.டி.களின் திட்டங்கள் பிரசித்தமானவை. ஜெர்மனிக்குப் போக ‘டாட்’ நிறுவனத்தின் ‘வைஸ்’ உதவித்தொகையும், கனடாவுக்குப் போக ‘மைட்டாக்ஸ் குளோபலிங்க்’ என்ற பன்னிரண்டு வாரத் திட்டமும் இந்திய மாணவர்கள் பலர் போய்வந்த வழிகள். விதிகளும் தேதிகளும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடைக்கு முந்தைய தீபாவளி சமயத்திலிருந்தே கண் வைத்திருக்க வேண்டும். ஏப்ரலில் முழித்துக்கொண்டால் ரயில் போய்விட்டிருக்கும்.

அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் கோடைத் திட்டங்களைப் பார்த்துவிட்டுச் சிலர் விண்ணப்பம் தயாரிக்கிறார்கள். அந்த உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும்தான். அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பேராசிரியர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம். ஆனால் ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகத்தான ஆராய்ச்சி என்னைக் கவர்ந்தது’ என்று ஒரே கடிதத்தை இருநூறு பேருக்கு அனுப்பினால், இருநூறு பேரும் அழித்துவிடுவார்கள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையையாவது படியுங்கள். புரிந்தது என்ன, புரியாதது என்ன என்று நாலு வரி எழுதுங்கள். புரியாததை எழுதுவதில் வெட்கமில்லை. படித்திருக்கிறான் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

செய்யக் கூடாதவை

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

பிராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்குகிறார்கள். ரிப்போர்ட், மாடல், பவர்பாயின்ட் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. இதைத் தெரிந்தே பெற்றோர் பணம் கொடுக்கிறார்கள். அதே போல, பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரையை வெளியிடும் பத்திரிகைகள். ‘சர்வதேச’ என்ற சொல் பெயரில் இருக்கும். கட்டுரையை யாரும் படித்துத் திருத்தியிருக்க மாட்டார்கள். 2018 மே மாதம் நம் பல்கலைக்கழக மானியக் குழு, தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரேயடியாக நீக்கியது என்றால், நோய் எவ்வளவு பரவியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு கட்டுரையை விண்ணப்பத்தில் போட்டால் லாபம் இல்லை என்பது மட்டுமல்ல, நஷ்டம். சேர்க்கைக் குழுவில் இருப்பவருக்கு எந்தப் பத்திரிகை என்ன தரம் என்று பெயரைப் பார்த்தாலே தெரியும். “மார்க் நன்னா இருக்கற விண்ணப்பத்திலே இப்படி நாலு பேப்பரைப் பார்த்தா, மத்ததையும் சந்தேகத்தோடதான் படிப்பேன்” என்று என் பெண் சொன்னாள். கட்டுரையே இல்லாமல், ஒரு கோடை ஒழுங்காக வேலை செய்தவன் எவ்வளவோ மேல்.

இன்னொன்று. ஆராய்ச்சி செய்கிறேன் என்று பாடத்தைக் கோட்டை விடக் கூடாது. மார்க் வாசல் கதவு என்று சொன்னேன். அது திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் எதுவும் பிரயோஜனப்படாது.

இரண்டு பழைய கதைகள்

சந்திரசேகர் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். 1928-ல் ஜெர்மானிய விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்தார். நீ படித்த பௌதிகமெல்லாம் பழசாகிவிட்டது என்று அவர் சொல்லிவிட்டு, அப்போது அச்சில் வராத தன் கட்டுரையையே படிக்கக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே யோசித்து இவர் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜில் இருந்த ஃபௌலரிடம் போய், 1929-ல் ராயல் சொசைட்டியின் பத்திரிகையில் வெளிவந்தது. மறு வருஷம் கேம்பிரிட்ஜ் போனபோது, வழிகாட்டியாக வாய்த்தவர் அதே ஃபௌலர். வேலையைப் பார்த்த ஒருவர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, நம் காலத்தில் நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்று இரண்டு பி.டெக். மாணவர்கள். ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேகமாகக் கண்டுபிடிக்க வழி உண்டா என்ற கேள்வியைத்தான் இறுதியாண்டு பிராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஆசிரியர் மணீந்திர அகர்வால். பி.டெக். முடித்த அதே 2002 ஆகஸ்டில் மூவரும் சேர்ந்து விடையை வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. 2006-ல் கோடல் பரிசு கிடைத்தது. மாணவர்கள் இருவரும் பி.எச்.டி.யும் கான்பூரிலேயே செய்தார்கள்.

எல்லாக் குழந்தைகளும் இப்படி ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது கடையில் வாங்கிய பிராஜெக்ட் அல்ல, நிஜமான கேள்வி. கூடவே உட்கார்ந்து யோசிக்க ஓர் ஆசிரியர். இந்த இரண்டும் சின்ன அளவில் எந்த ஊரிலும் கிடைக்கும்.

நாம் செய்யக்கூடியது

கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோடையில் பெங்களூருக்கோ, கான்பூருக்கோ, சென்னைக்கோ இரண்டு மாதம் போக வேண்டும் என்றால், பல குடும்பங்கள் தயங்குவது ஆராய்ச்சியை நினைத்து அல்ல. குழந்தை எங்கே தங்கும், யார் சாப்பாடு போடுவார்கள் என்றுதான். விடுதி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நம் சங்கத்துக்குப் பல நகரங்களில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய் ஓர் அறை காலியாக இருக்கும் வீடுகளும் நிறைய. ஒரு மாணவனையோ மாணவியையோ இரண்டு மாதம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். புனேயில் முதல் பெயர் என்னுடையது. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. கோடைத் திட்டங்களுக்கு விண்ணப்பம் எழுதும் குழந்தைகளுக்கும் நான் படித்துப் பார்த்துத் தருகிறேன். நிச்சயம் சிவப்பு மை இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருஷம் என் பெண் லீவில் வந்திருந்தபோது, பதினைந்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். “அன்னிக்குப் பெங்களூர் போக வேண்டாம்னு சொன்னேனே, உனக்குக் கோபமா?” என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “கோபம் இல்லேப்பா. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னேள். ஆனா அந்த லெட்டரை இன்னும் வெச்சுண்டிருக்கேன்.”

அந்த மாமி இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். மாமி, உங்கள் பிள்ளைக்கு பி.எச்.டி.யோ ஆராய்ச்சியோ ஆசை இருந்தால், கோச்சிங் கிளாஸ் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அவனை அனுப்பி வையுங்கள். சம்பளமும் மார்க்கும் கிடைக்காதுதான். போய் வந்தவுடன் என்ன மார்க் என்று கேட்காதீர்கள். என்ன தப்பாகப் போயிற்று, அதற்கு நீ என்ன செய்தாய் என்று கேளுங்கள். அவன் பத்து நிமிஷம் விடாமல் பதில் சொன்னால், போன காரியம் பலித்தது என்று அர்த்தம்.

 கேசரி ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன். குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோருக்கும் நமஸ்காரம்.